நின்ற கோலம், இருந்த கோலம்: ஒரு நவராத்திரிப் பயணம்

அக்டோபர் 7, 2024, திங்கள் – மாங்காடு

காலை ஐந்தரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஏழேகாலுக்குக் கிளம்பினோம். வேனில் ஒன்பது பேர், ஒன்பது யோகா விரிப்புகள், யார் கொண்டுவந்தது என்று கடைசிவரை தெரியாத ஒரு முறுக்கு டின். சுருட்டிய விரிப்புகளைப் பின் இருக்கையில் நிறுத்தி வைத்துக் கயிறு கட்டினார் டிரைவர். கண்ணாடியில் பார்த்தால் பத்தாவது ஆள் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

இந்தப் பயணம் எங்கள் யோகா டீச்சரின் யோசனை. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அதனால் நவராத்திரியையும் கணக்காகப் பிரித்து வைத்திருக்கிறார். முதல் மூன்று நாள் துர்க்கைக்கு: நின்று செய்யும் ஆசனங்கள், தொடை நடுங்கும்வரை. அடுத்த மூன்று நாள் லட்சுமிக்கு: நெஞ்சை விரிப்பவை. கடைசி மூன்று நாள் சரஸ்வதிக்கு: உட்கார்ந்து மூச்சு, பிறகு மௌனம். சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு சுற்றுக்கும் சூரியனின் பன்னிரண்டு பெயர்களைச் சொல்வது வழக்கம். இந்த ஒன்பது நாளும் எங்கள் வகுப்பில் அந்த இடத்தில் அம்மனின் பெயர்கள். இதெல்லாம் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று போன வருடம் கேட்டேன். "கொலுவில் செட்டியார் பொம்மை வைக்கிறீர்களே, அது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வயது 58. வலது முழங்காலில் தேய்மானம். மூன்று மாதமாக விருட்சாசனம், அதாவது மரம்போல் ஒற்றைக் காலில் நிற்பது, பழகுகிறேன். இடது காலில் நாற்பது விநாடி நிற்பேன். வலது காலில் சுவரைத் தொடாமல் பதினொன்று. கன்னியாகுமரி போய்ச் சேர்வதற்குள் இரண்டு காலிலும் ஒரு நிமிடம் என்று ஒரு வேண்டுதல். அம்மனுக்குக் காணிக்கை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் டீச்சர் முன்னால் நின்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மாங்காட்டைப்போல் மூக்கை உடைக்கிற இடம் வேறு இல்லை. கதை தெரிந்ததுதான்: விளையாட்டாக உமை சிவனின் கண்களைப் பொத்த, உலகம் இருண்டது, பூமிக்குப் போய்த் தவம் செய் என்று உத்தரவாயிற்று. மாமரக் காட்டில் ஐந்து தீ வளர்த்து நடுவில் நின்றாள். எப்படி நின்றாள் என்பதுதான் விஷயம். இடது காலின் கட்டைவிரல் மட்டும் தீயில் ஊன்றியிருக்க, வலது காலை மடித்து இடது தொடைமேல் வைத்து, ஜபமாலை பிடித்த கை தலைக்குமேல் போயிருக்கும். தபசுக் காமாட்சியைப் பார்த்ததும் எங்கள் ஒன்பது பேர் கண்ணும் முகத்துக்குப் போகவில்லை, பாதத்துக்குப் போயிற்று. நாங்கள் முழுப் பாதத்தையும் ஊன்றி, விரல்களை விரித்து, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை முறைத்துக்கொண்டு நின்றும் ஆடுகிறோம். இவள் ஒரு விரலில் நிற்கிறாள்.

காஞ்சிக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அவசரத்தில் அந்தத் தீயை அணைக்காமல் போய்விட்டாள், ஊரே வெக்கையில் கருகியது, ஆதிசங்கரர் வந்து அர்த்தமேரு என்ற ஸ்ரீசக்கரத்தைப் பிரதிஷ்டை செய்த பிறகுதான் குளிர்ந்தது என்று தலபுராணம். எட்டு மூலிகைகளால் ஆன மேரு என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். பதினொரு மணிக்குப் பிரகாரக் கல்லில் வெறுங்காலுடன் நடந்தபோது, தீ முழுவதும் அணைந்துவிட்டது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எல்லோருமே குதித்துக் குதித்துத்தான் சுற்றினோம்.

ஒரு சங்கடமும் நடந்தது. எங்களில் இளையவள், கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவள், நிழலில் ஒரு தூண் ஓரமாக நின்று காலைத் தூக்கிவிட்டாள். எங்கள் மாமி ஒருவர் அதைக் கைபேசியில் படம் எடுக்க முனைந்தார். எலுமிச்சம்பழத் தட்டுடன் அந்த வழியாக வந்த ஒரு பெண்மணி நின்றார். கோபமாகப் பேசவில்லை. "இங்கே அவள் நிற்கிறாள் அம்மா. நாம் விழுந்து கும்பிட்டால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலை இறக்கியவள் மதியச் சாப்பாடுவரை பேசவில்லை. டீச்சர் அன்று மாலையே சட்டம் போட்டார்: கோயிலுக்குள் ஆசனம் கிடையாது, மாடியில், மண்ணில், கடற்கரையில் மட்டும்.

அக்டோபர் 8, செவ்வாய் – காஞ்சிபுரம்

விடுதி மொட்டை மாடியில் ஐந்து மணிக்குப் பயிற்சி. துர்க்கையின் மூன்று நாள் கணக்கு முடிந்துவிட்டாலும் சிம்மாசனத்தை மட்டும் டீச்சர் ஒன்பது நாளும் விடமாட்டார். "வாகனம் இல்லாமல் அவள் எதில் போவாள்?" என்பார். மண்டியிட்டு, விரல்களை விரித்து, நாக்கை முகவாய்வரை நீட்டி, கண்களைப் புருவ மத்தியில் நிறுத்தி, தொண்டையிலிருந்து ஹா என்று மூச்சை விட வேண்டும். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த ஒருவர், ஒன்பது பேர் வரிசையாகத் தன்னைப் பார்த்து நாக்கை நீட்டுவதைக் கண்டு வாளியுடன் அப்படியே திரும்பிக் கீழே இறங்கிவிட்டார். கீழே போய் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு வந்து காட்டினார் என்பது பிறகு தெரிந்தது.

மாங்காட்டில் நின்றவள் காஞ்சியில் உட்கார்ந்திருக்கிறாள். பத்மாசனம். கையில் கரும்பு வில், மலரம்பு, பாசம், அங்குசம், எதிரே ஸ்ரீசக்கரம். காயத்ரி மந்திரத்தின் 24 எழுத்துகளுக்கு 24 தூண்கள் என்று சொல்லப்படும் காயத்ரி மண்டபத்துக்குள் அவள் இருக்கிறாள். கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்ததால் எனக்குக் கிடைத்தது ஏழெட்டு விநாடி. அதற்குள் நான் பார்த்தது அவள் முதுகு எப்படி நேராக இருக்கிறது என்பதைத்தான். பக்தியா, தொழில்புத்தியா என்று தெரியவில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தபோது டீச்சரிடம் சொன்னேன்: நின்றது தவம், உட்கார்ந்தது ஓய்வு, வாங்கிய வரத்தை அனுபவிக்கிறாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், எது தவம் என்று தெரியும்." பத்மாசனம் எனக்குக் கனவு, சுகாசனத்தில், முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து உட்கார்ந்தேன். நாலாவது நிமிடம் கால் மரத்தது. ஏழாவது நிமிடம் வீட்டில் கேஸை மூடினேனா என்ற கவலை. ஒன்பதாவது நிமிடம் எழுந்துவிட்டேன்.

காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டோம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது கோயில் முறை. எங்களுக்குக் கிடைத்தது ஓட்டலில் டம்ளரில் வெந்தது, ஒன்று 40 ரூபாய். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் எல்லாம் இருந்தன. சுக்கு கொஞ்சம் முன்னால் வந்து நின்று பேசியது. பரிமாறியவர் நான் பாதியை மீதி வைத்ததைப் பார்த்து, "இது பசிக்குச் சாப்பிடுவது இல்லை, மேடம். வயிற்றுக்குச் சாப்பிடுவது" என்றார். பசி வேறு, வயிறு வேறு என்று 58 வருடம் தோன்றியதே இல்லை. மீதியையும் சாப்பிட்டேன்.

திருச்சிக்குப் போகும் வழியில், திண்டிவனம் தாண்டியதும் வேனின் ஏசி நின்றது. சரி, ஜன்னலைத் திறக்கலாம் என்றால் அதே நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. திறந்தால் நனைகிறோம், மூடினால் வேகிறோம். ஒன்பது யோகா விரிப்புகளின் ரப்பர் வாசனை, நனைந்த மல்லிகை, முறுக்கு. உளுந்தூர்பேட்டைவரை கடந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் பிராணாயாமம் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் 9, புதன் – திருவானைக்கா, மதுரை

நவராத்திரியின் ஏழாம் நாள். சரஸ்வதியின் கணக்குத் தொடங்கிவிட்டது. மதியம் பன்னிரண்டுவரை மௌனம். காலை டீக்கடையில் ஒன்பது பேரும் வாய் திறக்காமல் குடித்துக்கொண்டிருந்தோம். டிரைவர் தம்பி கையைப் பிசைந்துகொண்டு டீச்சரிடம் வந்தார். "மேடம், ஏசிக்கு நேற்றே மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன். அதற்காக யாரும் என்னோடு பேசாமல் இருக்க வேண்டாம்." டீச்சர் சுங்கச்சாவடி ரசீதின் பின்புறத்தில் "மௌன விரதம். கோபம் இல்லை" என்று எழுதிக் காட்டினார். அதைப் படித்த நிமிடத்திலிருந்து அவர் எங்கள் எல்லோர் சார்பிலும் தானே பேசிக்கொண்டு வந்தார். பத்து வருடக் கதை.

திருவானைக்காவுக்கு நான் வந்ததே உச்சிக்காலப் பூஜைக்காக. இந்தத் தலத்தில் சிவன் குரு, அகிலாண்டேசுவரி மாணவி. காவிரி நீரைத் திரட்டி லிங்கமாக்கிப் பூஜை செய்து உபதேசம் பெற்றாள். குருவும் சிஷ்யையுமாக இருப்பதால் இங்கே திருக்கல்யாணம் கிடையாது. அந்தப் பூஜையை அவள் இன்றும் தினமும் நடுப்பகலில் செய்கிறாள். அதாவது, அவள் சன்னிதி அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அவளாகவே சுவாமி சன்னிதிக்குப் போகிறார்.

மேளம் கேட்டது. யானை அகிலா வந்தது. பின்னால் அவர். கொஞ்சம் பருத்த உடம்பு, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு அது வேடிக்கையாகவே இல்லை. புடவைக் கட்டுக்குத் தகுந்தபடி அடி குறுகிவிட்டது. கிரீடம் சாயாமல் இருக்கக் கழுத்து நிமிர்ந்து, கழுத்துக்காக முதுகு நிமிர்ந்து, பார்வை தானாகவே நாலடி முன்னால் தரையில் நின்றது. யாரும் அவரை நேராக நில்லுங்கள் என்று சொல்லவில்லை, உடுத்தியது சொல்லிவிட்டது. வழியில் ஒரு கிழவர் அவர் காலில் விழுந்தார். அர்ச்சகரின் காலிலா, அம்மனின் காலிலா என்று கேட்டால் கிழவர் நம்மைத்தான் ஒருமாதிரி பார்ப்பார்.

இங்கே லிங்கத்தை ஒன்பது துளை உள்ள கல் சாளரம் வழியாகப் பார்க்க வேண்டும். ஒன்பது துளை, உடம்பின் ஒன்பது வாசல் என்று டீச்சர் சொன்னார். அப்போது மணி 12.10, பேசலாம். எனக்கு ஒரு துளை வழியாக விளக்குச் சுடர் தெரிந்தது, இன்னொன்றில் யாரோ ஒருவரின் முதுகு.

மதுரையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மாலையில் கைபேசி, செருப்பு எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று மீனாட்சியைப் பார்த்தோம். கொலு மண்டபத்தில் கூட்டம் தள்ளியதில் மாமியின் மூக்குக்கண்ணாடி ஒரு காவலரின் கையில் போய் விழுந்தது. அவர் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஜிகர்தண்டா 60 ரூபாய். அதில் பாலாடை அதிகமா, பாசி அதிகமா என்று இரவு பதினொரு மணிவரை விவாதம். காலை மௌனத்துக்கு வட்டியும் முதலுமாக.

அக்டோபர் 10, வியாழன் – சங்கரன்கோவில்

காலைப் பயிற்சியில் இடது காலில் ஐம்பத்திரண்டு விநாடி. வலது காலில் பதினான்கு. வலது முழங்கால் காலையிலேயே உப்பிவிட்டது. வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினோம், கால் கிலோ 90 ரூபாய், இன்னும் சூடு இருந்தது. முழங்கால் வலிக்குப் பால்கோவா மருந்தில்லை. ஆனால் ராஜபாளையம் வரும்வரை வலி நினைவுக்கு வரவில்லை.

சங்கரன்கோவிலில் அம்மனுக்குப் பெயர் கோமதி, ஊர்க்காரர்களுக்கு ஆவுடையம்மை. சிவனையும் திருமாலையும் ஒரே உருவாகப் பார்க்க வேண்டும் என்று இவளும் ஒற்றைக் காலில் நின்றாள். அதுதான் ஆடித் தபசு. கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியிலும் பூசலாம், வலிக்கிற இடத்திலும் பூசலாம். மாலை ஆறு மணிக்குப் பிரகாரத்தில் ஓரமாக உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரத்தில் முழங்காலுக்குப் பூசிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண்மணி சுற்றிக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, இரண்டு காதிலும் தொள்ளைக் காது, தோடு இல்லை. கையில் புளியங்கொட்டைகள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வலது கையிலிருந்து ஒரு கொட்டையை இடது கைக்கு மாற்றிக்கொள்வார். மூன்றாவது முறை என்னைக் கடந்தபோது நின்றார்.

"காலில் என்ன, தாயி?"

தேய்மானம் என்றேன். "நடந்தால் வலிக்கிறதா, நின்றால் வலிக்கிறதா?" என்று டாக்டர் கேட்கிற முறையில் கேட்டார். நின்றால்தான் அதிகம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் பதினோரு சுற்று சுற்றுவாராம். ஆடியில் தபசுக்குக் கொடி ஏறியதும் நூற்றெட்டு. எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன். பேரனுக்கு, பேத்திக்கு என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"வேண்டுதல் ஒன்றுமில்லை. ஆத்தா ஒற்றைக் காலில் நிற்கிறாள் அல்லவா? அவளுக்கு வலிக்காதா? நாம் சுற்றினால் அந்த வலியில் கொஞ்சம் நமக்கு வந்துவிடும். அவளுக்கு அந்த அளவுக்குக் குறையும்."

"அப்படியானால் உங்களுக்கு வலிக்குமே, அம்மா?"

"வலிக்கும். அதற்குத்தானே சுற்றுகிறேன்" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல்.

மூன்று மாதமாக நான் விநாடி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மீதி எட்டுச் சுற்றையும் அவருடன் நடந்தேன். வேகமாக நடக்கவில்லை, எனக்காகக் குறைத்தாரா, அவர் நடையே அதுதானா என்று தெரியாது. ஐந்தாவது சுற்றில் கொட்டைகளை என் கையில் கொடுத்து எண்ணச் சொன்னார். நான் ஒன்றைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு பேரும் குனிந்து தேடினோம், கிடைக்கவில்லை. "போனால் போகட்டும், ஒன்று கூடவே சுற்றிவிடுவோம்" என்றார். ஆகவே ஒன்பது.

டீச்சரிடம் இரவு இதைச் சொன்னேன். வழக்கமாக எதற்கும் பதில் வைத்திருப்பவர், வெகுநேரம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 11, வெள்ளி – கன்னியாகுமரி போகும் வழி

ஆயுத பூஜை. ஐந்து மணிக்கு விரிப்பை எடுக்க வேனுக்குப் போனால், டிரைவர் தம்பி ஏற்கெனவே குளித்து, வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்து முடித்திருந்தார். எங்கள் ஒன்பது விரிப்புகளையும் ஒரு ஜமுக்காளத்தின்மேல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பக்கத்தில் ஜாக்கி, ஸ்பேனர், திருப்புளி.

"உங்கள் ஆயுதம் இதுதானே, மேடம்?"

எடுக்கப் போன மாமியின் கையை அவர் தடுத்துவிட்டார். பூஜையில் வைத்ததை இன்று தொடக்கூடாது. விஜயதசமியன்று எடுத்துத்தான் வேலை. யோகாவில் அப்படி விதி இல்லை என்று கணினிப் பெண் வாதாடினாள். டீச்சர் விரிப்புகளைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். "சரி. இன்று விடுமுறை." பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் நாங்கள் சந்தோஷப்பட்டதை எழுதாமல் விடுவது நேர்மை ஆகாது. பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டே கிளம்பினோம்.

திருநெல்வேலி அல்வாவுக்கு நேரம் ஒத்துவரவில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடை மாலையில்தான் திறக்கும். நாங்கள் கடந்தது மதியம். மாமி இதை மன்னிக்கவில்லை.

அதற்குப் பதிலாக, நான்குவழிச் சாலை ஓரம் ஒரு டீக்கடையில் காளியைப் பார்த்தோம். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் போட்டவர். சிவப்புப் புடவை, முகம் முழுவதும் நீலம், நெஞ்சுவரை மாலைகள். முதுகில் கட்டும் மரக்கைகளைக் கழற்றிப் பெஞ்சில் சாத்திவிட்டு, கிரீடத்தைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோரைப் பல் இடைஞ்சல் செய்ததால் டம்ளரை ஒரு பக்கமாகச் சாய்த்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். கடைக்காரர் காசு வாங்கவில்லை; காளியின் உண்டியலில் 50 ரூபாய் போட்டுக் கும்பிட்டார். நாங்களும் போட்டோம்.

டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். 41 நாள் விரதம். தானே பொங்கித் தின்பது. வெறும் தரையில் படுக்கை. ஊர் ஊராக வாங்கிய காணிக்கையெல்லாம் நாளை கோயிலுக்கு. மற்ற மாதங்களில் கொத்தனார் வேலை. கழுத்து வலிக்கவில்லையா என்று டீச்சர் கேட்டார்.

"கிரீடம் இருக்கும்போது வலிக்காது. இறக்கி வைத்த பிறகுதான் வலிக்கும்" என்றார். பிறகு மரக்கைகளை மாட்டிவிடச் சொல்லி டிரைவரைக் கூப்பிட்டார். கட்டி முடித்து எழுந்து நின்றதும் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். மாமி உட்பட.

கன்னியாகுமரி விடுதியில் தொலைபேசியில் 1,800 என்று சொன்ன அறை, விடுமுறைக் கூட்டத்தால் 2,600 ஆகிவிட்டது. கடல் தெரியும் என்றார்கள். குளியலறை ஜன்னலில் ஸ்டூல் போட்டு ஏறினால் தெரிந்தது.

அக்டோபர் 12, சனி – கன்னியாகுமரி

விஜயதசமி. விரிப்புகளை எடுத்துக் குங்குமம் உதிர உதிர மாடியில் விரித்தோம். புதிதாகக் கல்வி தொடங்குகிற நாள் என்பதால் டீச்சர் எங்களைப் பிரித்தறியாமல் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்: இரண்டு காலில் நேராக நிற்பது. பத்து நிமிடம் அது மட்டும். கிழக்கே மேகம் மூடியிருந்ததால் சூரியன் உதித்ததே தெரியவில்லை. கீழே கடற்கரையில் கூடியிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் ஏமாந்து சுண்டல் வாங்கப் போனார்கள். "விருட்சாசனம் செய்கிறீர்களா?" என்று டீச்சர் கேட்டார். காற்று பலமாக இருந்தது. இடது காலில் இருபது வருவதற்குள் விழுந்தேன். எண்ணியது அவர், நான் எண்ணவில்லை.

படகுக்கு வரிசையில் இரண்டரை மணி நேரம். அலை அடித்து ஒரு பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் நனைந்தார்கள். நான் அந்தப் பக்கம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் நீந்திப் போய் மூன்று நாள் தியானத்தில் இருந்த பாறை என்றுதான் இதைப் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே இதற்குப் பெயர் ஸ்ரீபாதப் பாறை. குமரி ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த தடம் என்று ஒரு சின்ன பழுப்பு அடையாளத்தை மண்டபம் கட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். அடையாளம் ஒன்றுதான். இன்னொரு கால் தரைக்கு வரவே இல்லை.

பக்கத்துத் திருவள்ளுவர் பாறைக்குக் கண்ணாடிப் பாலம் கட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள்.

மாங்காட்டுக்காரிக்குக் கல்யாணம் நடந்தது, சங்கரன்கோவில்காரிக்குக் காட்சி கிடைத்தது. இவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சுசீந்திரத்திலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை சிவன், சேவல் கூவியதைக் கேட்டு முகூர்த்தம் தப்பியது என்று பாதி வழியில் திரும்பிவிட்டார், கூவியது நாரதர். கல்யாணச் சோற்றுக்கு வைத்த அரிசியும் பருப்பும் மணலாயின. அந்த மணலைச் சின்னப் பொட்டலங்களாக 20 ரூபாய்க்கு விற்றார்கள். குறுநொய்போல வெள்ளை, துவரம்பருப்புபோலச் சிவப்பு. கணினிப் பெண் ஒன்று வாங்கினாள். "மாப்பிள்ளை விசாரித்துக்கொண்டு வந்திருக்கலாம்" என்றாள். கோயிலில் அம்மன் இன்னும் ஜபமாலையோடு நிற்கிறாள்.

மதியம் அவள் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் புறப்பட்டாள், பாணாசுரனை முடிக்க. நாங்கள் கொஞ்ச தூரம் கூடவே நடந்தோம். வழியெல்லாம் வீட்டு வாசலில் கோலம், தேங்காய், பழம். யாரென்றே தெரியாத ஒரு வீட்டில் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துப் பானகம் கொடுத்தார்கள். இரண்டாவது டம்ளரைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வேட்டை முடிந்து இரவில் திரும்பி வந்து, முக்கடலில் ஆராட்டு என்ற நீராட்டு முடித்து, கிழக்கு வாசல் வழியாக உள்ளே போவாள். அந்த வாசல் வருடத்தில் சில நாட்கள்தான் திறக்கும். அதைப் பார்த்துவிடுவது என்று நாங்கள் நாலு பேர் மட்டும் போய் நின்றோம். ஒன்பது மணிக்கு என்று சொன்னார்கள், பத்தாயிற்று. உட்கார இடமில்லை. கடல்காற்று உப்பாக முகத்தில் ஒட்டியது. என் வலது முழங்கால் வேலையை நிறுத்திவிட்டது. பாரம் முழுவதையும் இடது காலில் போட்டு, வலது பாதத்தை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் நின்ற மீனவப் பெண் ஒருத்தி, இடுப்பில் தூங்கும் பிள்ளையுடன், அவளும் அப்படித்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அக்கா" என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.

மேளம் நெருங்கியது. தீவட்டி வெளிச்சம் சுவரில் ஏறியது. வாசல் திறந்தபோது முன்னால் இருந்தவர் தன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பையன்தான் மேலிருந்து சத்தமாகச் சொன்னான்: "அப்பா, உள்ளே போய்விட்டாள்!"

அரை மணி கழித்துச் செருப்பு விட்ட இடத்துக்குப் போனேன். இடது கால் செருப்பு மட்டும் இருந்தது.